விரலை மட்டும் நம்பிய மண்டோர்

காஹாங் ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்றுப் பண்ணையில் எங்களை வேலை வாங்கிய மண்டோருக்கு ஆள்காட்டி விரல் நகத்தில் எப்போதும் மண் இருக்கும். கன்று நட்ட ஒவ்வொரு மண் பையிலும் விரலை விட்டு ஈரம் பார்ப்பார்.

சோதனைக்காக மரவள்ளி மாவில் செய்த ஜெல்லை மண்ணில் கலந்திருந்தார்கள். மண் காய்ந்தால் அதுவே தண்ணீர் விடும், பத்து நாள் ஊற்றாதீர்கள் என்று ஆராய்ச்சிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். மண்டோரோ தினமும் வாளி தூக்க வைத்தார். என் முதுகு ஒடிந்தது.

"மண்டோரே, சார் வேணாம்னாருல்ல?"

"சார் சொன்னாரு. கன்னு சொல்லிச்சா? ஊத்துலா."

ஜெல் ஊதிப்போய், வேர் அழுகிக் கன்றுகள் செத்தன. சோதனையைக் கைவிட்டார்கள்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"அது வேல செஞ்சிருந்தா, தண்ணி ஊத்துற உனக்கு இங்க என்னடா வேல?"

அதை முன்பே யோசித்தாரா, கன்றுகள் செத்த பிறகு யோசித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.