தன் தலையை எண்ண மறந்த லவோன்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரில் லவோன் டிரிக்ஸ்டாட்டிடம் தலையைக் கொடுக்காதவர் யாருமில்லை. முடிதிருத்தும் கடை அவருடையது. நாற்காலியில் உட்கார்ந்து யார் எந்த வேட்பாளரைத் திட்டினாலும் "ம்ம்" என்பதோடு சரி. "கத்தரி புடிச்சவ கட்சி பேசுனா உன் காதுதான் போகும் தம்பி" என்பார். அதனாலேயே, நாலு வருஷத்துக்கொரு முறை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்காரர்கள் கூடும்போது, எங்கள் வட்டாரக் கூட்டத்தை நடத்த அவரையே பிடித்து உட்கார வைப்போம்.

வாக்குச் சீட்டெல்லாம் கிடையாது. பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் அவரவர் வேட்பாளருக்கான மூலையில் எல்லோரும் பார்க்கப் போய் நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலை கலைந்துவிடும்.

அந்த ஜனவரியில் ஒரு மூலைக்கு நான்தான் பொறுப்பு. என் மகள் அப்போது மாசமாக இருந்தாள். ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள். அடுத்ததற்குப் பனியில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். அதைப் பற்றி வாய் திறந்தவர் எங்கள் வேட்பாளர் ஒருவர்தான். மூலை நிலைத்தால் மாவட்ட மாநாட்டுக்கு நான் போய்ப் பேசலாம்.

லவோன் விசில் ஊதி எல்லோரையும் நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணினார். "அஞ்சுதான் இருக்கு கர்ட்டிஸ். ஆறு வேணும்."

எதிர் மூலையிலிருந்து அவர் கணவர் மெர்ல் கூவினார்: "இங்க வந்துருடா! சாக்லேட் கேக் இருக்கு!"

"நீங்க திங்கிற வேகத்துக்கு எனக்குத் தட்டுதான் மிஞ்சும்ணே" என்றேன். சொல்லிவிட்டு எங்கள் மூலையை நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

அப்போது வாசலில் வந்தவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டிருந்த பெண் எழுந்தார். "வந்தது முப்பத்தொம்பது பேரு. மூலையில நிக்கிறது முப்பத்தெட்டு. ஒரு ஆளக் காணோமே?"

கழிப்பறையில் தேடினோம், வெளியே கார்களில் தேடினோம். கடைசியில் மெர்ல்தான் கேட்டார்: "அடியே, உன்ன எண்ணுனியா?"

லவோனின் முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் தன் பெயரைப் பதிந்ததே இல்லை. இந்த முறை பதிந்திருக்கிறார். எண்ணும்போது பழைய பழக்கத்தில் தன்னை விட்டுவிட்டார்.

"பொதுவான ஆளு நீ, உனக்கெதுக்கு மூலை?" என்றார் மெர்ல்.

"இங்க பாதிப் பேருக்கு மொத முடி எடுத்தவ நான். இனிமே பொறக்குற புள்ளைங்க எல்லாம் வேத்தூர்லதான் பொறக்கணுமா?" விசிலை மேசையில் வைத்துவிட்டு நேராக வந்து என் பக்கத்தில் நின்றார்.

மறுவாரமே சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு முடிவெட்டப் போனார்கள். ஈஸ்டருக்குள் கிருதா ஒன்று மேலே, ஒன்று கீழேயாகத் திரும்பி வந்தார்கள். நான் மாநாட்டில் பேசினேன். வார்டு இன்னும் திறக்கவில்லை. பேத்தி அடுத்த ஊரில்தான் பிறந்தாள். ஆனாலும் அந்த ஆறாவது ஆளுக்கு நான் பட்ட நன்றிக்கடன் தீராது.

அடுத்த முறையும் லவோனையேதான் உட்கார வைத்தோம். விசிலை ஊதிவிட்டு, முதலில் தன் தலையைத் தொட்டு "ஒண்ணு" என்றார்.