கண்டக்டர் அண்ணாச்சியின் தாடை

நான் செய்து அனுப்பிய பல்செட் ஒரு நீலக் கைக்குட்டையில் சுற்றி என் மேஜைக்கே திரும்பி வந்தது. கூடவே பாளையங்கோட்டை பல் டாக்டர் மேடத்தின் துண்டுச் சீட்டு: ‘பொருந்தவில்லை, மறுபடி பார்க்கவும்.’ எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தச்சநல்லூரில் பல்செட் செய்து கொடுக்கும் லேப் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. என் கையால் செய்தது எதுவும் அதுவரை திரும்பி வந்ததில்லை. அதிலும் இது சும்மா ஒரு செட் இல்லை. எங்கள் லேபுக்குப் புதிதாக வந்திருந்த ஆர்ட்டிகுலேட்டரில் நான் அடுக்கிய முதல் முழு செட்.

ஆர்ட்டிகுலேட்டர் என்பது ஓர் இரும்புத் தாடை. வாயில் அச்செடுத்துச் செய்த மேல் ஈறு, கீழ் ஈறு இரண்டின் பாரிஸ் சாந்து வார்ப்புகளையும் அதில் மாட்டிவிட்டால், ஆள் பக்கத்தில் இல்லாமலே அவர் எப்படி மெல்லுவார் என்று பார்த்துப் பார்த்துப் பல்லை அடுக்கலாம். எங்களிடம் இருந்த பழையது கதவுக் கீல் மாதிரி. திறக்கும், மூடும், அவ்வளவுதான். புதியதோ முன்னே நகரும், பக்கவாட்டில் அரைக்கும், மனிதத் தாடை காதோரம் சரிந்து இறங்குவதைப் போலவே இறங்கும். வந்த நாளில் அதை நான் பிள்ளையைப் போலத் துடைத்து வைத்தேன். இப்போதும் அந்தச் செட்டை மாட்டி அசைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் அசைத்தாலும் பல்லோடு பல் அழகாக உட்கார்ந்தது. தப்பு என்னுடையது இல்லை என்று தீர்மானமாகிவிட்டது.

பல்செட்டின் சொந்தக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். சேரன்மகாதேவியிலிருந்து நான் தினமும் ஜங்ஷனுக்கு வரும் தனியார் பஸ்ஸின் கண்டக்டர். பாபநாசம் தடத்தில் இருபத்தைந்து வருடமாக ஓடுபவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த ஊர் டிக்கெட் என்று கிழித்துவிடுவார். ஈறு கெட்டு, பல்லெல்லாம் ஆட்டம் கண்டு, ஒவ்வொன்றாக எடுக்கவேண்டி வந்தபோது ஊர்ப் பெயர்களை அடுக்கிக் கூவும் அவர் குரல் குழறிப்போனது. விசில் ஊதினால் பாதி காற்றுதான். இரண்டு தடவை டிரைவர் காதில் விழாமல் வண்டி நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டது. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிற கூட்டம் சாதாரணமானதல்ல. அதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன், நீர் ஷெட்டில் இரும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு வீட்டைவிட அந்தப் படிக்கட்டுதான் வீடு. மேடத்திடம் அவரை அனுப்பிவைத்ததே நான்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதுமே பிடித்துக்கொண்டேன். “பல்செட்ட நீங்க ஒழுங்கா போடல அண்ணாச்சி. ரெண்டு நாள் போட்டுட்டு வலிக்குன்னு கழத்தி வச்சா எப்படிப் பழகும்?”

“போடாம என்ன தாயி. ராத்திரி மட்டுந்தான் கழத்துனேன். ஒரு வாய் சோறு தின்னதும் மேலுள்ளது ஒரு பக்கம் போவுது, கீழுள்ளது ஒரு பக்கம் போவுது. வாயத் தொறந்தா கட்டவண்டி மாதிரி சத்தம்.”

“மெஷின்ல சரியாத்தான இருக்கு.”

“அப்பம் மெஷினுக்கே போட்டு விட்டுரு” என்றார். பக்கத்தில் நின்ற பூக்கார அம்மா சிரித்துவிட்டாள். எனக்கு முகம் சிவந்துபோனது. பேட்டை வரும்வரை அவர் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. ரயில் வரத் தாமதம். என்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் இறங்கிப் போய்விட்டார். அண்ணாச்சி படியருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார். பல்செட் என்னிடம் இருந்ததால் பொக்கை வாய். கோபம் தீராமல் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். விசில் அவர் கையில் இருந்தது. தாடை மட்டும் வாயில் விசில் இருப்பதைப் போலவே முன்னே தள்ளி நின்றது. இருபத்தைந்து வருடமாகக் கூட்டத்துக்குள் இரண்டு கையாலும் டிக்கெட் கிழித்துக்கொண்டு, விசிலைக் கீழ்த்தாடையால் ஏந்திப் பிடித்தே பழகிவிட்ட மனிதர். பல் போனபின் இன்னும் அதிகமாகத் தள்ளிப் பிடித்திருக்கிறார்.

மேடம் அளவெடுக்க மெழுகை வாயில் வைத்து, “கடிங்க” என்று சொன்னபோதும் அண்ணாச்சி விசிலைத்தான் கடித்திருக்கிறார். மெழுகில் பல்லைப் பதித்துச் சரிபார்க்கப் போட்டபோதும் அதே கடி. அதனால் அன்றைக்கும் பொருந்திவிட்டது. வீட்டில் சோற்றுத்தட்டின் முன் உட்கார்ந்ததும் தாடை தன் இடத்துக்குப் பின்னால் போயிருக்கிறது, பல் மோதியிருக்கிறது. நான் மெச்சிக்கொண்ட மெஷின் பாவம் என்ன செய்யும்? நாங்கள் கொடுத்த கடியைத்தான் அது அப்படியே திருப்பிக் காட்டியது. நான்கு வருடமாகத் தினமும் அதே வாயைப் பார்த்துக்கொண்டு வந்தவள் நான். எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்? வெட்கமாக இருந்தது.

அரைநாள் லீவு போட்டுவிட்டு அவரோடு பாளையங்கோட்டைக்குப் போனேன். மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுபடி மெழுகை வைத்து, “தாடையைத் தளர விட்டு, பின்னால கடிங்க” என்றார். தாடை முன்னே வந்தது. “நாக்கை மேலே மடிச்சு வச்சுக் கடிங்க.” அப்போதும் முன்னேதான் வந்தது. “இங்கனதான கடிக்கேன், வேற எங்கன கடிக்க?” என்று அண்ணாச்சிக்கே எரிச்சல் வந்துவிட்டது. ஆடி அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

நான் குனிந்து அவர் காதருகே சொன்னேன். “அண்ணாச்சி, வண்டி பாபநாசம் வந்துட்டு. கடைசி ஆளும் எறங்கியாச்சு. விசில பையில போட்டாச்சு. இப்பம் என்ன செய்வீங்க?”

“என்ன செய்ய... டீ குடிப்பேன்.”

“சூடா இருக்கும், பைய குடிங்க.”

கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத டீயை ஒரு மிடறு விழுங்கினார். தாடை தானாகப் பின்னால் போய் உட்கார்ந்தது. மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெழுகை அழுத்தினார். மூன்று முறை விழுங்கச் சொன்னோம். மூன்று முறையும் ஒரே இடம். “இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு டீய அன்னைக்கே குடிச்சிருப்பேம்லா” என்றார் அண்ணாச்சி.

கீழ்ப்பல் முழுவதையும் நான் புதிதாக அடுக்கினேன். ஆடி அமாவாசையன்று சாமி கும்பிடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன். மூச்சுவிட இடமில்லாத கூட்டம். பின்படியிலிருந்து “வீரவநல்லூர், கல்லிடை, அம்பாசமுத்ரம், பாவநாசம்” என்று ஒரு குரல் கணீரென்று வந்தது. அதன் பின்னால் நீளமாக ஒரு விசில். டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் கம்பியைப் பிடித்து நின்றபடியே அழுதேன். வேர்வை என்று நினைத்து யாரோ ஒரு அம்மா முந்தானையால் எனக்கு விசிறினாள்.

அதன்பின் ஆறு வருடம் அவர் அந்த வண்டியில் ஓடினார். முழங்கால் விட்டுப்போனபோது தானாகவே இறங்கிக்கொண்டார். இப்போது மகளோடு அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். ஈறு கரையக் கரையச் செட் தளர்ந்துபோகும். போன மாதம் புதிதாக ஒன்று செய்ய மகள் அவரை மேடத்திடம் கூட்டிவந்தாள். அளவெடுக்கிற அன்று நானும் போனேன். தாடை முன்னே வந்தால் என்ன பேசி அதைப் பின்னால் அனுப்புவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

மேடம் மெழுகை வைத்து, “கடிங்க அண்ணாச்சி” என்றார். கடித்தார். இன்னொரு முறை, அதற்கும் மேலே ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் தாடை அதன் சரியான இடத்திலேயே போய் உட்கார்ந்தது. விசிலை அது மறந்தே போயிருந்தது. “பரவாயில்லையே, சொன்ன உடனே வருதே” என்று மேடம் சந்தோஷப்பட்டார்.

“என்ன தாயி, அப்பிடிப் பாக்க? தப்பாக் கடிச்சிட்டனா?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி, ரொம்பச் சரியா இருக்கு” என்றேன். என் தொழிலில் ஒரு சரியான கடியைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது அன்றைக்குத்தான்.