பட்டாணி அளவு பேஸ்ட்

கம்ப்யூட்டர் ரிப்பேரில் மூடியைப் போட்டதும் மறைந்துவிடும் வேலைக்கு மரியாதை கிடையாது என்பது, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அல்லாடும் உங்களுக்குத் தெரியாததா? பிராசஸர் கொதிக்காமல் இருக்க, அதற்கும், அதன்மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் ஹீட்ஸிங்குக்கும் நடுவே பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வைக்க வேண்டும். அவ்வளவுதான். அதை வைத்து நான் பட்ட பாடெல்லாம் ஒரே வீட்டில்.

ஆயுத பூஜை

கல்கத்தாவில் டாக்குரியா பக்கம் இருக்கும் வெங்கட்ராமன் மாமா பாங்க் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரை வெளியே துடைத்தது போதாமல், ஹீட்ஸிங்கையும் கழற்றி உள்ளே பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மூடிவிட்டார். மறுநாள் ஆன் செய்தால் ஐந்து நிமிஷத்தில் அணைந்துவிடுகிறது. மகள் நந்தினி வேலை தேடிக்கொண்டிருந்தாள். இன்டர்வியூ எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான்.

போன வருஷம் பேஸ்ட் வைத்தவன் நான். அது எங்கே என்று கேட்டேன்.

"அது பேஸ்டா? எவனோ அசடு அழுக்கோட மூடியிருக்கான்னு சுரண்டி எடுத்துட்டேன்."

பச்சை ட்யூப்

புதிதாக வைத்துக்கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, தூசு தட்டுகிறேன் பேர்வழி என்று மாமா மறுபடி கழற்றினார். இந்தத் தடவை எனக்குச் சிரமம் தரவேண்டாமென்று எதிர்வீட்டு வங்காளிக்காரர் ஷ்யாமல்தாவைக் கேட்டிருக்கிறார். வங்காளி வீடுகளில் வெட்டுக்காயம், வெடிப்பு, கொப்புளம் எல்லாவற்றுக்கும் போடும் பச்சை ட்யூப் கிரீம் இருக்கிறதே, அதைத் தாராளமாகப் பூசிவிட்டார்கள். மறுபடி அணைய ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டார். மூடியைத் திறந்தேன். மருந்துக்கடை வாசனை. கிரீம் உருகி நாலாபக்கமும் வழிந்திருந்தது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மாமா நிதானமாக விளக்கினார்: "தீக்காயத்துக்கே கேக்கறதாம், இந்தச் சூட்டுக்குக் கேக்காதாங்கறார் ஷ்யாமல்தா."

வியாழக்கிழமை, பதினொரு மணி

நந்தினிக்கு ஒரு நல்ல கம்பெனியில் கடைசிச் சுற்று. நாலு மாத அலைச்சலில் கடைசிச் சுற்று வரை வந்த ஒரே அழைப்பு. பழைய ஹீட்ஸிங்க் வேண்டாமென்று கம்ப்யூட்டரைக் கரியாஹாட்டில் இருக்கும் என் கடைக்கே கொண்டுவந்து புதிதாக மாட்டினேன். மாட்டும்போது, வந்தவர்களிடமெல்லாம் அந்த கிரீம் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் பதினொன்றரைக்கு மாமாவிடமிருந்து போன். ஓடினேன். இன்டர்வியூ பாதியில் அணைந்துபோய், அதன்பிறகு உயிர் வரவே இல்லையாம். மறுவாய்ப்பு கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நந்தினி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். கழற்றிப் பார்த்தேன். புது ஹீட்ஸிங்கின் அடியில் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக்கை நான் உரிக்கவே இல்லை. என் பட்டாணி பேஸ்ட் அதன்மேல் அழகாகப் பரவியிருந்தது; சூடு ஹீட்ஸிங்குக்கு ஏற வழியே இல்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பிளாஸ்டிக்கை உரித்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன்.

மாமா என் தோளைத் தொட்டார்: "நீ என்னப்பா பண்ணுவே, எல்லாம் நான் பூசின கிரீமாலதான்னு குழந்தைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்."

அன்றிலிருந்து யார் எதைப் பூசிய கம்ப்யூட்டரோடு கடைக்கு வந்தாலும் நான் சிரிப்பதில்லை. அதற்கான தகுதி எனக்குப் போய்விட்டது.