கலகெதரக் கல்யாணமும் என் ஏழு கத்திகளும்

1. குறைந்தது ஒன்று

கண்டிப் பக்கம் கலகெதரயில் ஒரு கல்யாண வீட்டுப் பின்வளவில் நான்கு அண்டா புரியாணி தம்மில் இருந்தது. மூடியைச் சுற்றிக் கோதுமை மா அப்பியாகிவிட்டது. மூடியின் மேல் தணல். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து பள்ளியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இனி எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. நான் என் கத்திகளைக் கழுவித் துடைத்து, துணிச் சுருளில் செருகினேன். என் ஏழு கத்திகளில் ஆறைக் கொண்டுபோயிருந்தேன். ஐந்துதான் இருந்தது.

காணாமல் போனது இருப்பதிலேயே சின்னது. விரல் நீள அலகு, மரப் பிடி. முதலில் நான் பதறவில்லை. வெங்காயத் தோல் குவியலைக் கிளறினேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் கையை விட்டுத் துழாவினேன். தரையில் விரித்திருந்த படங்கைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு ரியாஸிடம் கேட்டேன். எங்கள் குழுவில் வெங்காயம் பொரிப்பவர் அவர். என் வயதுக்காரர், நாற்பத்தைந்து இருக்கும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"பச்சமிளகா கீற நாந்தான் எடுத்தேன் அண்ணே. பொறகு வெங்காயத் தட்டுல வெச்ச மாதிரி ஈக்கு."

பொரித்த வெங்காயத்தை அந்தத் தட்டிலிருந்துதான் சோற்று அடுக்குகளின் நடுவே கொட்டியிருந்தோம். இரண்டு பேரும் அண்டாக்களைப் பார்த்தோம்.

அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் விருந்து சஹனில் வைப்பார்கள். பெரிய வட்டத் தட்டு ஒன்று. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, அதிலேயே கைவைத்துச் சாப்பிடுவார்கள். பெரியவர்களுக்கு நடுவில் சின்னப் பிள்ளைகளையும் உட்கார்த்தி வைப்பார்கள். சோற்றுக்குள் இருப்பது எலும்பா, ஏலக்காயா, வேறெதுவுமா என்று யாரும் பார்த்துச் சாப்பிடுவதில்லை. நான் அந்தக் கத்தியை முந்தின நாள்தான் சாணை பிடித்திருந்தேன்.

2. ஏழு எப்படி வந்தது

நான் வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. தேயிலைச் செடியை வெட்டி இறக்கும் கவ்வாத்துக் கத்தி பதினைந்து வயதில் கைக்கு வந்தது. அந்த வேலையில் இரண்டு பருவம் கூட நிற்கவில்லை. கண்டிக்கு வந்து மார்க்கெட்டில் மரக்கறிக் கடை. அங்கே இரவில் உருளைக்கிழங்கு மூட்டைகளின் மேல் படுப்போம். முதுகு வலிக்கும், ஆனால் குளிராது. பிறகு கட்டுகஸ்தோட்டையில் மீன் கடை. பிறகு வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஹோட்டல் குசினி. பிறகு அக்குறணையில் இறைச்சிக் கடை. இதே மாதிரி வேலைகளுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றினேன், எங்கேயும் ஒரே மூச்சில் ஒரு வருஷம் தாண்டவில்லை. யாரும் துரத்தவும் இல்லை. காலையில் எழும்பும்போது கால் வேறு பக்கம் போகச் சொல்லும், போய்விடுவேன்.

போகும்போது ஒவ்வொரு வகை வேலையிலிருந்தும் ஒன்றோ இரண்டோ கத்தி என்னோடு வந்தது. சிலதை வாங்கினேன், சிலதைக் கேட்டுப் பெற்றேன். தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தி. மார்க்கெட்டில் இரண்டு. மீன் கடையில் வளைந்த மெல்லிய கத்தி. ஹோட்டலில் ஒரு செஃப் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்த நீளக் கத்தி, அதோடு காய் செதுக்கும் இந்தச் சின்னக் கத்தி. இறைச்சிக் கடையில் லொறியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த தடித்த கத்தி. உடுப்பு இரண்டு சோடி, கத்தி ஒரு சுருள். வாடகை அறை மாறுவது எனக்குச் சுலபம்.

கைத்தொலைபேசி வந்த பிறகு, கத்திப் பிரியர்கள் கூடும் ஒரு குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். கொழும்பு ஆட்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் தங்கள் கத்திகளைக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கிப் படம் போடுவார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களில் யாராவது அடிக்கடி ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: வாழ்க்கைக்கு ஒரே ஒரு கத்திதான் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்? எனக்கு அது வேலை வெட்டி இல்லாதவர்களின் கேள்வியாகத் தோன்றும். என்னிடம் நியாயமும் இருந்தது. ஹோட்டலில் பன்றி இறைச்சி வெட்டிய கத்தியை முஸ்லிம் வீட்டுக் குசினிக்குள் கொண்டுபோகக் கூடாது. மாட்டிறைச்சி வெட்டிய கத்தி கோயில் அன்னதான மடத்துக்குள் நுழையக் கூடாது. கண்டியில் சமையல் வேலைக்குப் போகிறவனுக்கு மூன்று கத்தியாவது வேண்டும். பேச்சு வந்தால் இதைச் சொல்லி எல்லோரையும் வாயடைத்துவிடுவேன். கல்யாண வேலைக்கு வந்தபோது ஹோட்டல் குசினிக்குள் போயிருந்த கத்திகளில் சின்னதை மட்டும் கொண்டுவந்தேன். அது காய்களைத் தவிர எதையும் தொட்டதில்லை. மற்ற ஐந்தும் தோட்டம், மார்க்கெட், மீன் கடை, இறைச்சிக் கடை.

3. நவ்சாத் முதலாளியின் வழக்கம்

கல்யாணச் சமையலுக்கு ஆள் கூட்டிப்போகிற நவ்சாத் முதலாளி அக்குறணைக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அதனால் அவருக்கு நான் அண்ணன், எனக்கு அவர் முதலாளி. அவருடைய குழுவில் ஓர் ஆளுக்கு ஒரு கத்திதான். தேங்காய் உடைப்பதும் இஞ்சி சீவுவதும் அந்த ஒன்றால்தான். மூடிக்கு மா அப்புவதற்கு முன் முதலாளி அண்டாக்களின் நடுவில் நின்று "கத்தி" என்பார். எல்லோரும் தங்கள் கத்தியைத் தூக்கிக் காட்டுவார்கள். அவர் கத்திகளை எண்ணுவதில்லை, கைகளைப் பார்ப்பார். வெறுங்கை ஒன்றும் இல்லையென்றால் மூடி போடலாம். எழுத்து, கணக்கு ஒன்றும் தேவைப்படாத நல்ல முறை.

கலகெதர வேலை அவரோடு எனக்கு மூன்றாவதோ நாலாவதோ. என் துணிச் சுருளை மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். செல்வண்ணன் டொக்டர் சாமான் கொண்டுவந்திருக்கிறார், யாருக்கு ஒப்பரேஷன் என்று ரியாஸ் கேட்பார். கேட்டுவிட்டு அவரே ஒன்றை உருவிக்கொண்டு போவார். முதலாளி கண்டும் காணாமலும் இருந்தார். அன்றைக்கும் "கத்தி" என்று அவர் சொன்னபோது எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். என் கையில் ஒரு கத்தி இருந்தது. ரியாஸ் கையிலும் அவருடைய கத்தி இருந்தது. வெறுங்கை இல்லை. மூடி போட்டார்கள்.

4. ஹாஜியாரிடம் சொன்னது

முதலாளியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் அண்டாக்களைப் பார்த்தார், முன்பக்கப் பந்தலைப் பார்த்தார்.

"நிச்சயமா உள்ளுக்குத்தான் ஈக்கா?"

"தெரியாது முதலாளி. வேற எங்கயும் இல்ல. எல்லா எடமும் தேடிட்டேன்."

தம்மை உடைத்து, சூட்டோடு சோற்றைக் கிளறினால் அடுக்கு கலையும், அரிசி முறியும். கல்யாண வீட்டில் முறிந்த சோறு வைத்த சமையல் கோக்கியை அடுத்த வீட்டுக்காரர் கூப்பிடமாட்டார். சொல்லாமல் கண்ணை மட்டும் வைத்துப் பரிமாறலாம் என்று எங்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். முதலாளி அவர் பக்கம் திரும்பவே இல்லை. தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பெண்ணின் தகப்பனிடம் போனார். நானும் பின்னால் போனேன். சம்பந்தி வீட்டார் நாலைந்து பேர் பக்கத்தில் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். தனியாக அழைத்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அங்கேயே சொன்னார்.

"ஹாஜியார், குசினியில கத்தி ஒண்டக் காணல்ல. சட்டிக்குள்ள உழுந்தீக்கும் எண்டு நெனக்கிறன். தேடாம ஒரு சஹனும் வெளிய வராது. சோறு கொஞ்சம் முறியும். பழி என்ட தலையில."

யாருடைய கத்தி என்று அவர் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டார்.

ஹாஜியார் உயரமான, அதிகம் பேசாத மனிதர். சம்பந்தி வீட்டார் முகத்தை ஒருமுறை பார்த்தார். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டார். முக்கால் மணித்தியாலம் என்றார் முதலாளி. ஹாஜியார் தாடியைத் தடவியபடி நின்றார். அந்த நேரத்தில் நான் எத்தனையோ விதமான ஏச்சுகளுக்குத் தயாராகிவிட்டேன்.

"அப்ப வட்டலாப்பத்த மொதல்ல வைங்க. கல்யாணம்தானே, இனிப்புல தொடங்கினா எனத்த குற?"

சொல்லிவிட்டு அவரே பந்தலுக்குள் போய், இன்றைக்கு நம்ம வீட்டில் எல்லாம் தலைகீழ், முதலில் வட்டலாப்பம், யாரும் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம், புரியாணிக்கு இடம் வையுங்கள் என்று சத்தமாக அறிவித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். சம்பந்தி ஆள் ஒருவர், இப்படியென்றால் நான் தினமும் இந்த வீட்டில் சாப்பிட வருவேன் என்றார். பந்தலே சிரித்தது. நான் திரும்பிப் பின்வளவுக்கு ஓடினேன்.

5. மூன்றாவது அண்டா

மாவை உடைத்து மூடிகளைத் திறந்தோம். கரண்டியால் தேடினால் உள்ளே இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். ஆகவே பீங்கான் கோப்பையால் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, அகலத் தாம்பாளத்தில் பரப்பி, விரலால் தடவிப் பார்த்து, பிறகு சஹனில் போட்டோம். ஆவியில் விரல் நுனிகள் வெந்தன. முதல் அண்டாவில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. இல்லை என்று தெரியத் தெரியப் பயம் கூடிக்கொண்டே போனது. ஒருவேளை ஏற்கெனவே தடவித் தாண்டிவிட்டோமோ என்று முதலாளி, நிரப்பி வைத்திருந்த சஹன்களைத் திரும்ப எடுத்து இன்னொரு முறை தடவிப் பார்த்தார்.

மூன்றாவதில் பாதி இறங்கியதும் என் கோப்பை எதிலோ தட்டியது. எலும்பில் தட்டுகிற சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. கையை விட்டேன். ஓர் உருளைக்கிழங்கோடு ஒட்டிக்கொண்டு, வெங்காயம் பூசி, நெய் மினுங்க, என் கத்தி வந்தது. அலகு மேலே பார்த்து நின்றிருந்தது.

முதலாளி அதை வாங்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ். வாங்க, ஆறப்போகுது" என்றார். அவ்வளவுதான். கத்தி கிடந்த இடத்தைச் சுற்றியிருந்த சோற்றை எங்களுக்கென்று ஒதுக்கினார். நான்கு மணிக்கு அதைத்தான் நாங்கள் சாப்பிட்டோம். சோறு முறிந்திருந்தது. ருசி குறையவில்லை.

6. ஒன்று

திரும்பும் வழியில் லொறியின் பின்பக்கம், அண்டாக்களுக்கு நடுவில் முதலாளியும் என்னோடு உட்கார்ந்து வந்தார். பையிலிருந்து கத்தியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"உங்களுக்குக் கத்தியில ஆச. அது பிழையில்ல. வேலைக்கு ஒண்டோட வாங்க. எது எண்டு நீங்களே பாத்துக்கோங்க."

அன்று இரவு அறையில் ஏழையும் பாயில் வரிசையாக வைத்தேன். ஹோட்டல் கத்தியைப் போல அழகு வேறெதிலும் இல்லை. மீன் கத்தியைப் போலக் கை நோகாதது வேறில்லை. கடைசியில் லொறிப் பட்டைக் கத்தியை எடுத்தேன். தடியன், கறுப்பன், ஆனால் எலும்பை உடைக்கும், பூசணியைப் பிளக்கும். இன்னொரு காரணமும் உண்டு. எந்த அண்டாவுக்குள் விழுந்தாலும் அவன் ஒளிந்துகொள்ளமாட்டான்.

அடுத்த வேலைக்கு அவனோடு மட்டும் போனேன். பூண்டு உரிக்க வேண்டியிருந்தது. அந்தக் கத்தியால் பூண்டு உரிப்பது கடப்பாரையால் பல் குத்துவது மாதிரி. வேறு வழியில்லாமல் ரியாஸிடம் அவர் கத்தியைக் கேட்டேன். அவர் கொடுத்தார், கொடுக்கும்போது என் தடியனை வாங்கிப் போய்த் தேங்காய் உடைத்தார். வேலை முடிந்து மூடி போடும் நேரம் வந்ததும் மாற்றிக்கொண்டோம். யோசித்துப் பார்த்தால், முப்பது வருஷ வேலையில் நான் பக்கத்தில் நிற்கிறவனிடம் ஒரு கத்தி கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாம் என்னிடமே இருந்தது. ஆகவே எந்த இடத்தை விட்டுப் போகும்போதும் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை, எனக்கும் ஒன்றும் குறையவில்லை.

அந்தக் கத்திப் பிரியர் குழுப் பிள்ளைகள் போன மாதமும் அதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ஒரே கத்தியோடு இருக்க முடியுமா? நான் முதல் தடவையாகப் பதில் எழுதினேன். வீட்டில் முடியாது, தம்பி. மாத்தளைப் பக்கம் போனபோது எட்டாவதையும் வாங்கிவிட்டேன். கோயில் அன்னதானத்துக்குப் போனால் அதற்கென்று ஒன்று தனியாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை செய்கிற இடத்தில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பக்கத்தில் இருக்கிறவரிடம் கேளுங்கள். இல்லையென்று சொல்லமாட்டார்.

நவ்சாத் முதலாளியிடம் எனக்கு இது நாலாவது வருஷம். என் கணக்கில் யாரிடமும் இவ்வளவு நாள் நின்றதில்லை. காலையில் கால் இன்னும் வேறு பக்கம் போகச் சொல்கிறது. அப்போது நான் இல்லாமல் ரியாஸ் எதைக் கொண்டு தேங்காய் உடைப்பார் என்று நினைத்துக்கொள்வேன். எழும்பி அக்குறணை பஸ் ஏறுவேன்.