தண்ணி முறை போர்டும் அமெரிக்காக் காயிதமும்

ஏரித் தண்ணி முறை போர்டு எழுதறவனை ரெண்டு பேரு திட்டுவாங்க: தண்ணி கெடைக்காதவன் ஒருத்தன், கெடைச்சும் பத்தலைன்றவன் ஒருத்தன். உங்கள்ல எவனாவது ஊருக்குப் பொதுவா ஒரு போர்டு எழுதியிருந்தா, நான் சொல்றது புரியும். புரியலைன்னா நீ குடுத்து வெச்சவன், போ.

நான் காஞ்சிபுரத்துல காலேஜ் படிக்கிறேன். பிசிக்ஸ். சாயங்காலம் பஸ் எறங்கி உத்திரமேரூர்ல இந்த போர்டு வேலை. மதகு தொறக்கற கன்னியப்பன் அண்ணன் வந்து, "நாளைக்கு மேல்மடை, நாளன்னிக்கு நடுமடை, அப்பறம் கடைமடை"ன்னு சொல்வாரு. டீக்கடைக்கு எதிர் சுவத்துல கீற கருப்பு போர்டுல நான் எழுதணும். அவ்ளோதான் வேலை. அவ்ளோதான்னு நெனைச்சேன்.

முதுகுல வந்த முறை

மொத மாசமே ஒரு கூத்து. எங்க ஊரு கோயில் சுவத்துல ஆயிரம் வருசத்துக்கு முன்ன வெட்டின எழுத்து இன்னும் நிக்குது. என் எழுத்து ஒரு தூறலுக்குத் தாங்கல. தூறல் இல்லாத நாள்ல மனுசன். மானாம்பதிலேர்ந்து வந்த ஒருத்தரு, பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தவரு, போர்டு மேல நல்லா சாஞ்சுட்டாரு. நடுமடை முழுசும் அவரு சட்டையில ஏறிடுச்சு, அதுவும் கண்ணாடில பார்க்கற மாதிரி இடம் வலமா.

"யோவ், நகராத, படிச்சுக்கறோம்"னு நாலு பேரு அவரு பின்னாடியே போறாங்க. எனக்குக் கோவம்னா கோவம். "அறிவு கீதா உங்களுக்கு? சாயறதுக்கு வேற சுவுரே கெடைக்கலியா?"ன்னு கத்தினேன். அதுக்கு டீக்கடை பாய் டீயை ஆத்திக்கினே சொன்னாரு: "திட்டாத தம்பி. உன் போர்டு ஒரே எடத்துல நிக்குது, அவரு முதுகு ஊரு ஊரா போவுது. எது நல்ல போர்டு?"

உருண்டை உருண்டையா ஒரு காயிதம்

அந்த வாரமே காலேஜ் லைப்ரரியில ஒரு இங்கிலீஷ் பத்திரிகை பார்த்தேன். அமெரிக்காவுல ஒரு காயிதம் பண்ணிக்கினு கீறாங்களாம். உள்ள கடுகைவிட சின்னச் சின்ன உருண்டை, ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெள்ளை. கரண்ட்டைக் காட்டினா உருண்டை திரும்பும், எழுத்து வரும். கரண்ட்டை எடுத்துட்டாலும் எழுத்து அப்படியே நிக்கும். அழிச்சு அழிச்சு எழுதலாம். சுருட்டலாம், மடிக்கலாம்.

எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறே எறங்கல. மறுநா டீக்கடையில பிரசங்கம். "கன்னியப்பண்ணன் மதகாண்ட நின்னுக்கினு பட்டனைத் தட்டினா போதும். வூட்டுக்கு வூடு காயிதம் மாறிடும். துண்டு மாதிரி தோள்ல போட்டுக்கினு வயலுக்குப் போலாம். சாக்பீஸ் வேணாம், நான் வேணாம்!"

"நம்மூர்ல கரண்ட்டு நிக்காதே தம்பி"ன்னாரு பாய்.

"அதான் பாய் விஷயமே! கரண்ட்டு போனாலும் எழுத்து போவாது. டீ ஆத்தறவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது?"

சொன்னதும் நாக்கு சுட்டுச்சு. ஆனா திருப்பி வாங்கற பழக்கம் எனக்கு இல்ல. பாய் கோச்சுக்கல. கிளாஸைக் கழுவிக்கினே கேட்டாரு: "சரி, பட்டனைத் தட்ட வேண்டியவன் மறந்துட்டா?"

கண்ணு கீது

முனியம்மா அக்காவுக்குக் கடைமடையில அரை ஏக்கரு. புருசன் இல்ல, ரெண்டு பொண்ணுங்க. தெனமும் வந்து, "நைனா, எனக்கு முறை என்னிக்கு?"ன்னு கேப்பாங்க. போர்டுக்குக் கீயவே நின்னுக்கினு கேப்பாங்க.

ஒரு நாள் எனக்குப் பரீட்சைல மார்க்கு கொறைஞ்ச பேஜாரு. "தெனமும் எழுதறேன், தெனமும் கேக்கறியே! போர்டுல கீதில்ல? கண்ணு இல்லியா உனக்கு?"ன்னு எரிஞ்சு வுழுந்தேன். டீக்கடையே திரும்பிப் பார்த்துச்சு. அவங்க முந்தானையை இழுத்து விட்டுக்கினு மெதுவா சொன்னாங்க: "கண்ணு கீது நைனா. எழுத்துதான் இல்ல."

அதுக்கப்பறம் அவங்க என்கிட்ட கேக்கறதே இல்ல. பாயைத்தான் படிக்கச் சொல்வாங்க.

வெள்ளிக்கெழமை

கதிரு பால் புடிக்கிற நேரம். போர்டுல நான் எழுதி வெச்சிருந்தது: கடைமடை, வெள்ளி. புதன்கெழமை சாயங்காலம் பஸ் எறங்கறேன், கன்னியப்பன் அண்ணன் ஓடி வராரு. "மதகுப் பலகை பேந்துக்கிச்சு. வெள்ளிக்கெழமை மூடிடறோம், ரிப்பேருக்குப் பதினஞ்சு நாளாவும். கடைமடைக்கு நாளைக்குக் காலைலயே விட்டுடறேன். ஒடனே மாத்தி எழுது."

நான் அப்போ கூடப் படிக்கிறவன்கிட்ட சண்டை போட்டுக்கினு இருந்தேன். இன்னா சண்டை? அந்தக் காயிதம் நம்ம நாட்டுக்கு வருமா வராதான்னு. "எழுதறேன் போண்ணா"ன்னுட்டு, சண்டையிலயும் ஜெயிச்சுட்டு, நேரா வூட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன். முனியம்மா அக்கா இருட்டறதுக்கு முன்ன வந்து பாயைப் படிக்கச் சொல்லிக்கீறாங்க. அவரு இருந்ததைப் படிச்சுக்கீறாரு. வெள்ளி.

எங்க ஊர்க் கட்டு ஒண்ணு கீது. முறை வர்றப்போ மம்முட்டியோட ஆளு வாய்க்காலாண்ட நிக்கணும். நிக்கலைன்னா தண்ணி அடுத்த வயலுக்கு. வியாழக்கெழமை தண்ணி வந்துச்சு, அவங்க இல்ல, போயிடுச்சு. வெள்ளிக்கெழமை மம்முட்டியோட போனா வாய்க்கால்ல சேறுதான்.

போர்டாண்ட ஊரே கூடிடுச்சு. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? இதை எழுத எனக்குக் கை கூசுது. "நான் மாத்திதான் எழுதினேன், எவனோ அழிச்சுட்டான்"னு கத்தினேன். என் முதுகுக்குப் பின்னாடி என் எழுத்து, அடியில நான் எப்பவும் போடற வளைவுக் கோட்டோட, 'கடைமடை, வெள்ளி'ன்னு பளிச்சுனு நிக்குது. ஒரு புள்ளி கலையல. கன்னியப்பன் அண்ணன் என்னைப் பார்க்கல, போர்டைத்தான் பார்த்தாரு. "அழிச்சானா? தம்பி, அழியாததுதானே இங்க குத்தம்?"

பதரு

முனியம்மா அக்கா நெல்லுல பாதிக்கு மேல பதரு. அறுப்பு முடிஞ்சதும் அவங்க வூட்டுக்குப் போனேன். ரெண்டு நாளு தெரு மொனை வரைக்கும் போய்த் திரும்பினேன், மூணாவது நாளு போனேன். அக்கா வாசல்ல தூத்திக்கினு இருந்தாங்க. பதரு பறந்து என் சட்டையில ஒட்டிச்சு. வாய்க்கு வாய் பேசற நான், "நான்தான்க்கா எழுதல. பொய்யும் சொன்னேன்"னு சொல்றதுக்குள்ள வேர்த்துடுச்சு.

"தெரியும் நைனா"ன்னாங்க. மொறத்தை நிறுத்தல. பெரிய பொண்ணு இஸ்கூலு நோட்டை மடியில வெச்சுக்கினு என்னையே பார்க்குது. இன்னா சொல்றதுன்னு தெரியாம, "அந்தக் காயிதம் மட்டும் வந்துட்டா இந்த மாதிரி ஆவாதுக்கா"ன்னு உளறினேன்.

அக்கா அப்பத்தான் மொறத்தைக் கீய வெச்சாங்க. கோவமே இல்லாம கேட்டாங்க: "அது வந்தாலும், அதுல எழுதப் போறது நீதானே நைனா?"

அன்னிலேர்ந்து போர்டு எழுதி முடிச்சதும் கடைமடை வரைக்கும் நடந்து போய் முறையை வாயாலயும் சொல்லிட்டு வரேன், கரண்ட்டும் தேவைப்படல, காயிதமும் தேவைப்படல, அந்த வாசல்ல தலை நிமிர்ந்து நிக்கறதுக்கு மட்டும் இன்னும் யாரும் ஒண்ணும் கண்டுபுடிக்கல.