இலைப் படம் போட்ட சாக்லேட்

சென்ற ஆண்டு ஜூன் மாதம். கனடாவில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு, அஸ்தினாபுரத்தில் எங்கள் ஃபிளாட்டுக்குத் திரும்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. 'எங்கள்' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். கணவர் போய் நான்கு வருடம் ஆகிறது. இரண்டு படுக்கையறை வீட்டில் நான் ஒருத்திதான்.

வெளிநாடு போய் வந்தால் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாக வேண்டும். டாக்சியிலிருந்து பெட்டியை இறக்கும்போதே வாட்ச்மேன், "இன்னா மேடம், நமக்கும் சாக்லேட்டு கீதா?" என்று கேட்டுவிட்டார். வாங்கியது போதாதோ என்ற பயத்தில் நான் ஒரு வேலை செய்திருந்தேன். கிளம்பும் நாளன்று மகன் குளிக்கப் போனபோது, சமையலறை மேல் அலமாரியில் ஓட்ஸ் டப்பாவுக்குப் பின்னால் இருந்த நாலு சின்ன சாக்லேட் பாக்கெட்டுகளை எடுத்துப் பெட்டியில் சொருகிக்கொண்டேன். அவனைக் கேட்கவில்லை. என் பிள்ளை வீட்டில் நான் யாரைக் கேட்க வேண்டும்? பாக்கெட்டில் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு இலைப் படம்; புதினா என்று நினைத்தேன். மஞ்சள் கட்டத்தில் பொடி எழுத்தில் என்னவோ போட்டிருந்தது. அந்த ஊரில் பால் டப்பாவில்கூட அரைப் பக்கக் கட்டுரை எழுதுகிறார்கள், யார் படிப்பது?

எதிர் வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை. அவள் அம்மா பல்லாவரத்தில் வேலை பார்க்கிறாள். வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். நாலு மணிக்குப் பள்ளி வேனிலிருந்து இறங்கியதும் குழந்தை நேராக என் வீட்டு பெல்லைத்தான் அடிப்பாள். நான்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊரே சொல்லும். உண்மையில் அவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டாள். பல நாள் நான் வாய் திறந்து பேசுவதே நாலு மணிக்குப் பிறகுதான்.

அன்று மற்ற சாக்லேட்டெல்லாம் தீர்ந்து இந்த நாலுதான் மிச்சம். ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். பாவம், இழுத்துப் பார்த்தாள், பல்லால் கடித்துப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது கிழியவே மாட்டேங்குது."

"இரு, கத்தரிக்கோல் எடுத்துட்டு வரேன்."

அந்த நேரம் மகனின் வீடியோ கால். அங்கே அப்போது காலை. வேலைக்குக் கிளம்புமுன் ஐந்து நிமிடம் பேசுவான். போனை டிவி மேல் சாய்த்து வைத்துவிட்டு, பேசிக்கொண்டே பாக்கெட்டின் ஓரத்தில் கத்தரிக்கோலை வைத்தேன்.

"அம்மா, கையில என்ன? கிட்ட காட்டு."

காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "கத்தரிக்கோல கீழ வை. பாப்பா சாப்பிட்டாளா? சொல்லும்மா, ஒரு துண்டாவது சாப்பிட்டாளா?"

இல்லை என்றேன். வேறு யாருக்காவது கொடுத்தாயா? இல்லை. நீ சாப்பிட்டாயா? இல்லை. முப்பது வயதுப் பிள்ளை அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

கஞ்சா கலந்த சாக்லேட்டாம். அங்கே பெரியவர்கள் வயதுச் சான்று காட்டிக் கடையிலேயே சட்டப்படி வாங்கலாமாம். குழந்தைகள் பிரிக்க முடியாதபடிதான் பாக்கெட்டே செய்கிறார்களாம். அப்படிச் செய்த பாக்கெட்டுக்குத்தான் நான் கத்தரிக்கோலோடு வந்திருக்கிறேன்! நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போவது அங்கேயும் குற்றம். இங்கே விமான நிலையத்தில் மாட்டியிருந்தால் கம்பி எண்ணியிருப்பேன்.

"நீ வந்தப்பவே பூட்டி வச்சிருக்கணும், இல்ல உன்கிட்ட சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சும்மா" என்றான். எதற்கடா இதெல்லாம் என்று கேட்டேன். "லீவு நாள்ல பேச ஆளே இல்லம்மா. ஒரு துண்டு போட்டா தூக்கம் வரும்."

அவன் சொன்னபடி நாலையும் வெந்நீரில் கரைத்துக் கழிவறையில் ஊற்றினேன். குழந்தைக்குத் தோசை வார்த்தேன். ஒன்றுகூட முழுசாக வரவில்லை.

"எதிர் வீட்ல சொல்லிடாதம்மா, ஒண்ணும் ஆகலையே" என்று மகன் கெஞ்சியிருந்தான். ஆறரைக்குக் குழந்தையின் அம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். குழந்தையின் முகத்தை விளக்குக்கு நேராகத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாள். "சொன்னதுக்கு தேங்க்ஸ்க்கா" என்றாள், அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து குழந்தை பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு டே கேருக்குப் போகிறாள். லிஃப்டில் பார்த்தால் கையாட்டுவாள். அவள் அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் நாலு மணி ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளாது. சொல்லாமலே விட்டிருக்கலாமே என்று மனசு கேட்கும். அப்படி மறைத்து வைத்துக்கொண்டு தினமும் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்திருந்தால், இந்தத் தனிமையைவிட அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்திருக்கும்.