வாய் திறக்காத மீன்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் நாலு பேர் பார்க்க என் கன்னத்தில் அறைந்தவர் ஹபீபுர் ரஹ்மான் பாய். தொண்ணூற்று மூன்றில். கடைசிவரை அதற்கு வருத்தமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாய் ஜாக்கெட் தைக்கிறவர். வீட்டு முன்னறைதான் கடை. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் மீன் தொட்டி. கண்ணாடி வெட்டி அதை ஒட்டிக் கொடுத்தவன் நான்; பக்கத்துக் கண்ணாடிக் கடை என்னுடையது. தொட்டியில் ஆப்பிரிக்க மீன் ஜோடி. ஆண் நல்ல நீலம், மேலே கறுப்புப் பட்டை; நீலன் என்றே கூப்பிடுவோம். சரியான ரௌடி. கையை விட்டால் விரலைக் கடிக்கும்.

விற்ற கொளத்தூர்க்காரன் அப்போதே சொன்னான்: "ஒரு ஆணுக்கு நாலஞ்சு பொட்டை வுடு பாய். ஒண்ணே இருந்தா அதையே அடிச்சுக் கொன்னுடும்."

"ஒருத்தனுக்கு ஒருத்திதான். என் வூட்ல மீனுக்கும் அதான் சட்டம்" என்றார் பாய்.

முதல் பெண் மீனின் வாலைக் கிழித்துக் கண்ணைப் பிடுங்கியது நீலன். அடுத்ததைக் கல்லோடு மோதிக் குடலைத் தள்ளியது. பாய் பிணத்தை எடுத்துப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கி வருவார்.

"இன்னா பாய், மாப்பிள்ளைக்கு மறுபடியும் பொண்ணு பாத்தாச்சா?" என்பேன். முறைப்பார்.

மூன்றாவது வந்தவள் வாய்க்குள் குஞ்சு வைத்திருந்தாள். இந்த மீன் வாயில்தான் அடைகாக்கும். குஞ்சை வெளியே விடும்வரை இரை தின்னாது. பிள்ளையில்லாத பாய் தையலை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, கடையை என்னிடம் விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போனார். நீலன் அவளை மூலையில் நெருக்கிக் குத்தினான். செதில் மிதந்தது. தண்ணீரில் ரத்தம். நான் வலையை விட்டுத் தூக்கினேன். வலைக்குள் வாயைத் திறந்துவிட்டாள். குஞ்சுகள் தொட்டிக்குள் கொட்டின. ஒன்று விடாமல் விழுங்கினான் நீலன்.

திரும்பி வந்து பார்த்தவர், என்னை ரோட்டுக்கு இழுத்து அறைந்தார். "அவ்ளோ அடி வாங்கியும் வாயத் தொறக்கலடா அவ! நீ தொறக்க வெச்சுட்டியேடா!"

"செத்துக்கினு இருந்துச்சு பாய்! வேடிக்கை பாக்கச் சொல்றியா?"

சாயங்காலம் அவளும் செத்தாள். அதோடு எங்கள் பேச்சு முடிந்தது.

சில வருஷம் கழித்து அவர் சம்சாரம் அஃப்சருன்னிசா கடைக்கு வந்தார். "மூச்சு வுட முடியல அவருக்கு. உங்களத்தான் கேக்குறாரு."

தொட்டியோரம் கட்டிலில் கிடந்தார் பாய். அறைந்ததைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நின்றேன். தொட்டியைத்தான் காட்டினார். புதிதாய் ஒருத்தி, வாய் உப்பி, ஒரு பக்கத் துடுப்பே இல்லாமல். நீலன் அவள் விலாவில் முட்டிக்கொண்டிருந்தான்.

"வலை போடாத. அவளத் தொடாத" என்றார். "கண்ணாடி ஒண்ணு வெட்டியாந்து நடுவுல எறக்கு நைனா. அவன் அந்தப் பக்கம் கெடக்கட்டும். சீக்கிரம் போ."